பட்டியலில் இல்லாத பத்தொன்பது நாள்

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு பட்டியல் வந்தது. பிரிட்டனில் பெண்கள் மல்யுத்தத்துக்கென ஒரு நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்திவரும் சாம்பியன் பட்டத்தின் முழு வரலாறு அது. முதல் சாம்பியன் தொடங்கி இன்றைய சாம்பியன் வரை, யார், எந்த ஊரில், யாரைத் தோற்கடித்து வென்றார், எத்தனை நாள் வைத்திருந்தார் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். லண்டன், லீட்ஸ், கிளாஸ்கோ, கார்டிஃப். ஒருமுறை அயர்லாந்துக்குப் போகும் கப்பலின் மேல்தளத்தில் பட்டம் கைமாறியிருக்கிறது. அதையும் விடவில்லை. கப்பல் உண்டு. துபாய் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். ஹேசல் என்ற பெண்ணின் பெயருக்கு நேரே நாட்கள் இடைவெளியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் பத்தொன்பது நாள் அந்தப் பட்டம் இன்னொருத்தியிடம் இருந்தது. அவள் பெயர் துஷ்யந்தி. அவள் அந்த பெல்ட்டை வென்றபோது நான் ரிங்கிலிருந்து நாலடி தூரத்தில், போட்டியைத் தொடங்கவும் நிறுத்தவும் அடிக்கும் மணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மணியை அடித்தவனே நான்தான்.

துபாயில் நான் வேலை பார்த்த நிகழ்ச்சி நிறுவனத்தில் இப்போது பொறுப்பில் இருப்பவர், பாதுகாப்பு அதிகாரிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உதவுகிற மாதிரி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார். பதற்றமான நேரத்தில் நிதானமாக இருப்பது எப்படி என்று எழுதத் தொடங்கியிருந்தேன். இந்தப் பட்டியல் வந்ததும் அதைக் கிழித்துப் போட்டேன். நிதானத்தைப் பற்றி வேறு யாராவது சொல்லிக்கொள்ளட்டும். ரேடியோவை மாட்டிக்கொண்டு ரிங் ஓரத்தில் நிற்கப்போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும். இது உங்களுக்கும் தெரியும், டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கும் தெரியும். அதனால்தான் சிலர் சிரிக்கிறார்கள். எல்லாமே நாடகம்தானே, இதற்கு ஒரு வரலாறா, அதில் ஒரு வரி விட்டுப்போனால் என்ன என்கிறார்கள். முடிவு வேண்டுமானால் எழுதி வைத்ததாக இருக்கலாம். ஆறடி உயரத்திலிருந்து விழுகிற முதுகு எழுதி வைத்ததல்ல. அப்படி விழுந்ததற்கு அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அந்தப் பட்டியல். 'முன்னாள் சாம்பியன்' என்ற இரண்டு வார்த்தை இருந்தால் அடுத்த பத்து வருஷம் வேலை கிடைக்கும். இல்லையென்றால் இல்லை.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு தப்பு செய்த பிறகுதான். அதைச் சொல்லாமல் துபாயைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

துபாய்க்கு நாலைந்து வருஷம் முன்னால் பஹ்ரைனில் இதே பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஒரு ஷோ. பாதுகாப்பு அதிகாரி என்ற பொறுப்பு எனக்குப் புதிது. உள்ளூர் அனுமதிப்படி மணி என் மேஜையில்தான் இருக்கும். ஆபத்து என்று நான் நினைத்தால் அடிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு ஆண் வீரன் தோளில் விழுந்து, வலியில் முகத்தைக் கோணிக்கொண்டு கத்தினான். கூட்டம் விசிலடித்தது. நானும் நன்றாக நடிக்கிறான் என்று ரசித்துக்கொண்டிருந்தேன். எழுதி வைத்த முடிவு வரும் வரை மூன்று நிமிஷம் அப்படியே ஓடவிட்டேன். தோள் மூட்டு முறிந்திருந்தது. அந்த மூன்று நிமிஷத்தில் அதே தோளில் அவன் இன்னும் இரண்டு முறை விழுந்தான். அதற்குப் பிறகு அவன் ரிங்கில் ஏறவே இல்லை.

அந்தச் சுற்றுப்பயணத்தின் நடுவர் ஒரு வயதான ஆங்கிலேயர். தன் பெயரை எங்கும் போடக்கூடாது என்று பிற்பாடு என்னிடம் கேட்டுக்கொண்டார். இன்று அவர் உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறேன். அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை ஹோட்டலில் என் எதிரே வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காதே என்றார். முகம் இவர்களுக்குத் தொழில். அதை வைத்து எதை வேண்டுமானாலும் காட்டுவார்கள். கையையும் காலையும் பார். நடிக்கிறவன் கை தரையைத் தேடும், தன்னைக் காத்துக்கொள்ளும். நினைவு போனவனின் கை எதையும் தேடாது. அவ்வளவுதான் சொன்னார். அன்று முதல் நான் முகங்களைப் பார்ப்பதை விட்டேன்.

இனி துபாய்.

அந்த மல்யுத்த நிறுவனம் வளைகுடா முழுக்கச் சுற்றுவதாக ஏற்பாடு. துபாய், தோஹா, ராஸ் லஃபான், மஸ்கட். எல்லா ஊர் சுவரொட்டியிலும் 'சாம்பியன் பட்டத்துக்கான போட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சாம்பியன் ஹேசல். வட இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரி, பெரிய தோள், யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக் குலுக்குவாள். எதிர்த்து மோதுகிறவள் துஷ்யந்தி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவள். நிறுவனம் அவளுக்கு 'பாம்பே பிரின்சஸ்' என்று பெயர் வைத்திருந்தது. அவளும் அவள் அப்பா அம்மாவும் பம்பாய்ப் பக்கம் போனதே இல்லை. கேட்டதற்கு, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான் என்றார்களாம்.

ரிங் போடும் அன்று அவள் என்னிடம் வந்து, என் பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டுத் தமிழில் பேசினாள். கோவில்பட்டிக்காரனான எனக்கு அவள் தமிழைப் பின்தொடர முதலில் கொஞ்சம் சிரமமாக இருந்தது. கராமாவில் இருந்த நம்மூர் ஓட்டலிலிருந்து அவளுக்கும் என் ரிங் ஆட்களுக்கும் இட்லியும் வடையும் வரவழைத்தேன். ரிங் பலகைகளுக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். பலகை இறுக்கும் ஆட்களுக்குத் தலைவன் ரஷீத், பெஷாவர்க்காரன், என்னோடு பத்து வருஷம் வேலை பார்த்தவன். அவள் ஒவ்வொரு பலகையிலும் ஏறிக் குதித்துப் பார்த்ததைப் பார்த்து, தொழில் தெரிந்த பெண் என்று அவன் சான்றிதழ் கொடுத்தான்.

ஷோ வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மதியம் மூன்று மணிக்கு. முன்வரிசைகளில் குடும்பங்கள், ஆங்கிலத்தில் கத்தும் பிள்ளைகள். பின்னால் முழுக்க சோனாப்பூர் கேம்பிலிருந்து கம்பெனி பஸ்களில் வந்த தொழிலாளர்கள். கேமராவுக்கு அரங்கம் நிறைந்து தெரிய வேண்டுமென்று அவர்களுக்கு இலவசச் சீட்டு கொடுத்திருந்தார்கள். ஒரே விடுமுறை நாள். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

எழுதி வைத்த முடிவு எளிமையானது. பன்னிரண்டாம் நிமிஷம் ஹேசல் ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் நிமிஷத்தில் அவள் மூலைக் கயிற்றின் மேல் ஏறினாள். தாவுவதற்குக் காலை உந்தும்போது பாதம் வழுக்கியது. தலை முதலில் விழுந்தது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. எனக்கு அவள் முகம் தெரியவில்லை; நான் தேடவும் இல்லை. வலது கையைப் பார்த்தேன். அது முழங்கை மடங்காமல், விரல்கள் விரிந்தபடி, காற்றில் நீட்டிக்கொண்டு விறைத்து நின்றது. எதையும் தேடவில்லை.

துஷ்யந்தி பக்கத்தில் முழங்கால் போட்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கயிற்றுக்கு நடுவே என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"அண்ணை, இவ நடிக்கேல்லை. இவவுக்கு நினைவில்லை."

அதே நேரத்தில் என் காதில் இருந்த கருவியில் கிரெக்கின் குரல் வந்தது. அந்த நிறுவனத்தின் சுற்றுப்பயண மேலாளர். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் எல்லோருக்கும் காதில் பேசுகிறவர். போட்டியை நிறுத்தாதே என்றார். சாம்பியன் தோற்கக்கூடாது, ஊரில் அவளை வைத்துப் பெரிய ஷோ அறிவித்தாயிற்று. துஷ்யந்தி பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும், ஹேசலைப் புரட்டி அவள் மேல் போட்டுக்கொள்ளட்டும், நடுவர் மூன்று எண்ணட்டும், கலாஸ், முடிந்தது. இதைச் சாதாரணக் குரலில் சொன்னார். பஹ்ரைனில் எனக்குப் பாடம் சொன்ன அதே நடுவர் குனிந்து அவளிடம் அதைச் சொன்னார்.

அவள் மறுபடி என் பக்கம் திரும்பினாள். அரங்கத்தில் அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இவவின்ர கழுத்தை நான் அசைக்க மாட்டன். என்னை அப்பிடிச் செய்யச் சொல்ல வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நீங்கள் மணியை அடியுங்கோ."

அடித்தேன் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போகலாம். அது பொய்யாகிவிடும். நான் உடனே அடிக்கவில்லை. சுத்தியல் கையில் இருந்தது. காதில் கிரெக், அடித்தால் உன் கம்பெனிக்கு இனி எங்கள் வேலை கிடையாது என்றார். என் விசா புதுப்பிக்கிற மாசம். மகளுக்குப் பத்தாம் வகுப்பு. இவ்வளவும் அந்தச் சில விநாடியில் மனசுக்குள் வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன். ரிங் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ரஷீத் என்னையே பார்த்தான்.

"பாய், கண்ட்டி பஜாவ்," என்றான். மணியை அடி.

மூன்று முறை அடித்தேன்.

அந்த நிறுவனத்தின் விதிப்புத்தகத்தை நான் பஹ்ரைனுக்குப் பிறகு வரி வரியாகப் படித்திருந்தேன். காயத்தால் போட்டி நிறுத்தப்பட்டு, சாம்பியன் தொடர முடியாமல் போனால் பட்டம் எதிராளிக்குப் போகும். அவர்களே அச்சடித்த விதி. நடுவருக்கும் அது தெரியும். முதலுதவிக்காரர்கள் ஹேசலின் கழுத்துக்குப் பட்டை கட்டித் தூக்கிப்போன பிறகு, அவர் தன் காதிலிருந்த கருவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துஷ்யந்தியின் கையைத் தூக்கினார். அறிவிப்பாளர் புதிய சாம்பியன் என்று அறிவித்தார். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அறிவித்தார்.

ஆரவாரம் எழவில்லை. நடந்தது நாடகமில்லை என்று கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. பின்வரிசையில் சோனாப்பூர் ஆட்கள்தான் முதலில் எழுந்து நின்றார்கள். சாரத்திலிருந்து ஆள் விழுந்து பார்த்தவர்கள் அவர்கள். கீழே கிடக்கிறவனை அசைக்கக்கூடாது என்று தெரிந்தவர்கள். மெதுவாகக் கை தட்டினார்கள். துஷ்யந்தி பெல்ட்டை உயர்த்திக் காட்டவில்லை. ரிங்கிலேயே விட்டுவிட்டு, தூக்குப்படுக்கைக்குப் பின்னால் வெறுங்காலோடு ஆம்புலன்ஸ் வரை ஓடினாள்.

ஹேசலின் கழுத்தெலும்பில் விரிசல். மூளையில் அதிர்ச்சி. புரட்டியிருந்தால் கையும் காலும் போயிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அதை நான் கிரெக்கிடம் சொன்னபோது அவர் கைபேசியில் யாருக்கோ எதையோ அனுப்பிக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் என் வயிறு எரிகிற பகுதி.

மறுநாளே தோஹாவுக்குப் புதிய சுவரொட்டி போட்டார்கள். துஷ்யந்தியின் படம், இடுப்பில் பெல்ட், 'துபாயில் வென்ற புதிய சாம்பியன்'. விற்பதற்கு அவள் சாம்பியன். தோஹாவில் அவள் பட்டத்தைக் காத்தாள். ராஸ் லஃபானில் எரிவாயு ஆலை ஊழியர்களின் குடும்ப விழாவில் காத்தாள். மஸ்கட்டில் விரல் சுளுக்கிக்கொண்டு, இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு காத்தாள். பத்தொன்பது நாள். ஒவ்வொரு ஊரிலும் அவளைப் பார்க்கத் தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள், இலங்கையின் தேயிலைத் தோட்டத்து ஊர்களிலிருந்து வந்து வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் வந்தார்கள். மஸ்கட்டில் ஒரு பெண் தன் எஜமானியிடம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, அவளுடைய முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

சுற்றுப்பயணம் முடிந்தது. எல்லோரும் விமானமேறும் நாளில், காலை பதினோரு மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு கிரெக் வந்தார். கையில் ஒரு பக்கக் காகிதம். துபாயில் நடந்தது காட்சிப் போட்டி மட்டுமே, அதில் பட்டம் பணயமாக வைக்கப்படவில்லை என்று உள்ளூர் பாதுகாப்பு அதிகாரி உறுதி அளிப்பதாக அதில் இருந்தது. சுவரொட்டியில் என்ன போட்டிருந்தது என்று கேட்டேன். சுவரொட்டி விளம்பரம், இது ஆவணம் என்றார். அரங்கம் நிறைய ஆள் பார்த்தார்களே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. முக்கியமான யாரும் அங்கே இல்லையே, பாதிப் பேர் லேபர்தானே என்றார்.

அவர்களை வரவழைத்தது யார்? கேமராவுக்கு அவர்கள் முகம் வேண்டியிருந்தது. சாட்சிக்கு மட்டும் அவர்கள் ஆள் இல்லையாம்.

என் முதலாளி நல்ல மனிதர்தான். பயந்த மனிதர். அறைக்கு வெளியே என்னைக் கூட்டிப்போய், உன் விபத்து அறிக்கையில் உண்மையை எழுதிவிட்டாய், அது அரசாங்கக் கோப்பில் இருக்கிறது, இது வெறும் மல்யுத்தக்காரர்களின் கணக்கு, போட்டுவிடு என்றார். விசா விண்ணப்பம் அவர் மேஜையில் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.

உங்களில் யாராவது, அந்த நிலையில் வேறென்ன செய்ய முடியும் என்று எனக்காகப் பரிந்து பேசுவீர்கள். வேண்டாம். கிரெக்குக்கு அந்தக் காகிதத்தில் வேறு யார் கையெழுத்தும் உதவாது. மணியடித்தவன் கையெழுத்துதான் வேண்டும். நான் மாட்டேன் என்றிருந்தால் அந்தப் பொய்க்கு நிற்க ஒரு கால் கிடைத்திருக்காது. உயிரைக் காப்பாற்றும் தைரியம் சில விநாடி இருந்தால் போதும். ஒரு காகிதத்தைத் தள்ளி வைக்கிற தைரியம் மாதக்கணக்கில் தேவைப்படும். எனக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

மூன்று வாரம் கழித்து துஷ்யந்தி லண்டனிலிருந்து கூப்பிட்டாள். விமான நிலையத்திலேயே பெல்ட்டை வாங்கிக்கொண்டார்களாம். ஹேசல் குணமானதும் ஒரு நாளும் தோற்காத சாம்பியனாக அவளைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம். நான் வென்றேனே என்று கேட்டதற்கு ஒரு காகிதத்தைக் காட்டினார்களாம்.

"இது உங்கட கையெழுத்தோ அண்ணை?" என்று கேட்டாள்.

அலுவலக நடைமுறைக்காகப் போட்டது என்று ஏதோ சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். நான் முடித்ததும் இணைப்பைத் துண்டித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அந்த நிறுவனத்தில் வேலை குறைந்தது. இரண்டு வருஷத்தில் நின்றேபோனது. கையைத் தூக்கிய நடுவரை அடுத்த சுற்றுப்பயணத்துக்கு அழைக்கவில்லை. என் விசா புதுப்பிக்கப்பட்டது. எங்கள் கம்பெனிக்கு அவர்கள் வேலையும் தொடர்ந்தது. கையெழுத்துப் போட்டவன் மட்டும் சௌகரியமாக இருந்தேன்.

பட்டியல் வந்த அன்று இத்தனையும் ஒன்றாக நெஞ்சுக்கு ஏறியது. என் பழைய கைபேசியில் விபத்து அறிக்கையின் படம் இருந்தது. நிறுத்தியது யார், எந்த நிமிஷம், நடுவரின் முடிவு என்ன, பட்டம் யாருக்குப் போனது என்று அன்று மாலை நானே எழுதியது. அதோடு ஒரு கடிதம் எழுதினேன். பின்னால் நான் கையெழுத்திட்ட காகிதம் பொய், பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டேன் என்று எழுதி, அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். ரஷீத் பெஷாவரிலிருந்து தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதி, பிள்ளையை விட்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பினான். பதில் இரண்டு வரியில் வந்தது. எங்கள் பதிவேடுகள் இறுதியானவை. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

ஆர்வமாம்.

ஹேசலைத் தேடினேன். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ரிங்கை விட்டுப் பல வருஷமாகிவிட்டது; தன் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நடந்ததையெல்லாம் எழுதி, அறிக்கையின் படத்தையும் அனுப்பினேன். அவளுக்கு இது பிடிக்காது என்றுதான் நினைத்தேன். அந்தப் பட்டியலில் மிக நீண்ட ஆட்சிக்காலம் அவளுடையது. இந்தப் பத்தொன்பது நாளைச் சேர்த்தால் அது இரண்டாக உடையும்; அந்தப் பெருமை இன்னொருத்திக்குப் போய்விடும்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு குரல்பதிவு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை உணவுக்குப் பிறகு தனக்கு ஒன்றுமே நினைவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கிரெக்தான் பக்கத்தில் இருந்தாராம். போட்டி முடிவில்லாமல் நின்றுவிட்டது, பெல்ட் உன்னுடையதுதான், மற்ற ஊர்களில் காட்டுவதற்காகத்தான் துஷ்யந்தி அதைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறாள் என்று சொன்னாராம். அவள் அதையே இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறாள். தன்னைப் புரட்டச் சொன்னது தெரியாது. துஷ்யந்தி மறுத்தது தெரியாது. நல்ல நேரம் தப்பித்தேன் என்று எல்லாப் பேட்டியிலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நினைவிழந்த ஒரு பெண்ணிடம் போய், அவள் வாழ்க்கையில் நடந்ததை மாற்றிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் ஒரு மனிதர். ஒரு வரியை அழிப்பதைவிட இது எனக்குக் கேவலமாகப் பட்டது. அந்தக் குரல்பதிவைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் பத்து தடவை நடந்திருப்பேன்.

ஹேசல் நிறுவனத்துக்கு எழுதினாள். எழுதியதை வெளியிலும் போட்டாள். என் கழுத்தை அசைக்க மறுத்தவள் அன்று என்னைத் தோற்கடித்தாள், விதிப்படி தோற்கடித்தாள். அவள் பெயர் வராத பட்டியலில் என் பெயரும் வேண்டாம், முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்று எழுதினாள். நீண்ட காலச் சாம்பியன் இல்லாத பட்டியலை அவர்கள் எங்கே கொண்டுபோய் வைப்பது? பத்து நாளில் மாற்றினார்கள். துஷ்யந்தி, துபாய், பத்தொன்பது நாள். அடியில் சின்ன எழுத்தில், பின்னர் அங்கீகரிக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு. யார் மறைத்தார்கள், ஏன் மறைத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. மன்னிப்பு இல்லை. கிரெக் இன்று வேறொரு நிறுவனத்தில் இதைவிடப் பெரிய பதவியில் இருக்கிறார். என் கோபம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆகவே, தம்பி தங்கைகளே, உங்கள் மேஜையிலும் மணி இருக்கும். எப்போது அடிப்பது என்பதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். அதற்குப் பயிற்சி தருகிறார்கள். அடித்த பிறகு, எல்லாம் அடங்கி, பகல் வெளிச்சத்தில், ஏசி ஓடுகிற அறையில், தேநீர் கொடுத்து ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். அதற்குப் பயிற்சி கிடையாது. படியுங்கள். நடந்தது வேறென்றால் பேனாவை மூடி வையுங்கள். வேலை போகலாம். போகாது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

பட்டியல் திருத்தப்பட்ட அன்று மதியம் துஷ்யந்திக்குப் போன் செய்தேன். எடுப்பாளோ என்று சந்தேகமாகத்தான் இருந்தது. எடுத்தாள். பின்னால் சின்னப் பெண்கள் சத்தம் கேட்டது; கிழக்கு லண்டனில் ஒரு சமூகக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கிறாளாம். பட்டியலைப் பார்த்ததாகச் சொன்னாள். ஹேசல் இரண்டு முறை பேசியதாகச் சொன்னாள். என்னை மன்னித்துவிடு அம்மா என்று கேட்டேன். இதைச் சொல்லத்தான் போன் செய்தேன் என்றும் சொன்னேன்.

அவள் யாரையோ கயிற்றிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டு, போனுக்குத் திரும்பி வந்தாள்.

"நீங்கள் மணி அடிச்சதுக்கு நன்றி அண்ணை. அதை அண்டைக்குச் சொல்ல நேரமில்லாமல் போச்சுது. கையெழுத்து வைச்சதுக்கு எனக்கு இன்னும் கோவம்தான். அது போகேல்லை. போகுமெண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

சரி அம்மா என்றேன். வகுப்பு நடக்கிறது என்றாள். வைத்துவிட்டேன்.